ஒரே கார், ரெண்டு பிரீமியம்

போன ஆவணியில் பெருந்துறையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் என் சித்தப்பாவின் காரும் மச்சானின் காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே மாடல், 1,197 சிசி பெட்ரோல் வண்டி, ரெண்டுமே வாங்கி நாலு வருடம். இன்சூரன்ஸ் எடுத்ததும் ஒரே கம்பெனியில். அந்த மாதம்தான் ரெண்டு பேரும் புதுப்பித்திருந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு அந்தப் பக்கம் போனது. சித்தப்பா கட்டியது 11,562 ரூபாய். மச்சான் கட்டியது 7,796.

“ஏனுங்க மாப்பிள்ளை, வண்டி ஒண்ணுதானுங்களே? உங்களுக்கு மட்டும் எப்படி நாலாயிரத்துக்குப் பக்கம் கம்மியா வருது?”

“நம்ம ஏஜென்ட் நல்ல மனுசனுங்க மாமா” என்றார் மச்சான்.

ரெண்டு பேருடைய பாலிசியையும் போனில் வாங்கிப் பார்த்தேன். ஏஜென்டுக்கும் அந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் தாளிலேயே அச்சாகியிருந்தது. வருடா வருடம் பணம் கட்டுகிறோம், ஆனால் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அன்றைக்கு வேப்பமரத்தடியில் அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வரும் வருடம் உங்கள் கார் எங்கேயாவது இடிபடுமா என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. ஆனால் அதே மாதிரி ஆயிரம் கார்கள் இருந்தால் அதில் எத்தனை இடிபடும், சராசரியாக எவ்வளவு செலவு வரும் என்பதைப் பழைய கணக்குகளை வைத்து ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிட முடியும். ஆயிரம் கார்களில் வருடத்துக்கு 80 கிளைம் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 லட்சம். ஆயிரம் பேருக்கும் பிரித்தால் தலைக்கு 2,400. இதன் மேல் அலுவலகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், கம்பெனியின் லாபம் எல்லாம் ஏறும். பிரீமியத்தின் அடிக்கல் இவ்வளவுதான்: எத்தனை முறை நடக்கும், நடந்தால் எவ்வளவு ஆகும். இந்த ரெண்டையும் பெருக்கினால் வருவது.

சரி, எல்லோருக்கும் அதே 2,400 என்று போட்டுவிட்டுப் போகலாமே, ஏன் ஆளுக்கொரு தொகை?

பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். காலையில் கேனோடு போனால் கொஞ்சம் பால் எடுத்து டெஸ்ட் பார்ப்பார்கள். கொழுப்புச் சத்து எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் லிட்டருக்கு விலை. யார் ஊற்றினாலும் ஒரே விலை என்று ஒரு சொசைட்டி வைத்தால், கெட்டிப் பால் ஊற்றுகிறவர் தனியார் பால் வண்டிக்குப் போய்விடுவார். சொசைட்டிக்குத் தண்ணிப் பால் மட்டும் மிஞ்சும். அந்தப் பாலுக்கு அந்த விலை கட்டாது, சொசைட்டி நிற்காது.

இன்சூரன்ஸும் இப்படியேதான். மேலே சொன்ன ஆயிரம் கார்களில் 500 கார்கள் தினமும் நெரிசலில் ஓடுகிறவை, அவற்றில் 55 கிளைம் வருகிறது. மீதி 500 கார்கள் எப்போதாவது வெளியே எடுக்கிறவை, 25 கிளைம். முதல் கூட்டத்துக்குத் தலைக்கு 3,300 ஆகிறது, ரெண்டாவது கூட்டத்துக்கு 1,500. எல்லோரிடமும் 2,400 வாங்கினால், ரெண்டாவது கூட்டத்துக்காரரை இன்னொரு கம்பெனி 1,800 ரூபாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கம்பெனிகள் காரை, ஊரை, பழைய கிளைமை எல்லாம் பார்த்துப் பிரிக்கின்றன. உங்களை ஒரு கூட்டத்தில் உட்கார வைத்து, அந்தக் கூட்டத்தின் சராசரியைத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். நீங்கள் தனிப்பட்ட முறையில் எவ்வளவு நிதானமானவர் என்று கம்பெனிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தாளில் இருப்பது மட்டும்தான்.

அந்தத் தாளில் ரெண்டு பாகம் இருக்கும். ஒன்று தேர்டு பார்ட்டி. இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதம். ரெண்டும் சேர்ந்ததைத்தான் நாம் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறோம். இந்த ரெண்டுக்கும் கணக்குப் போடும் முறை முற்றிலும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது.

தேர்டு பார்ட்டி என்பது உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்தை விடப் பெரிய ஆபத்து வேறு. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் வயது என்ன, வருமானம் என்ன, அவரை நம்பி எத்தனை பேர் என்று பார்த்துத் தீர்ப்பாயம் நஷ்ட ஈட்டை முடிவு செய்யும். உயிருக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் இல்லையென்றால் அந்தத் தொகை முழுக்க வண்டி உரிமையாளர் தலையில். தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டி வரும்.

இந்தப் பாகத்தில் கம்பெனிகளுக்குள் போட்டியே இல்லை. கட்டணத்தை மத்திய அரசு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிக்கைப்படி, 1,000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416, அதற்கும் மேலே 7,897. எலெக்ட்ரிக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி. ஓட்டுகிறவர் பதினெட்டு வயதுப் பையனா, முப்பது வருட அனுபவம் உள்ளவரா என்பதெல்லாம் இதில் வராது. எஞ்சின் அளவு மட்டும்தான். சித்தப்பாவும் மச்சானும் ஆளுக்கு 3,416 கட்டியிருந்தார்கள், ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை.

நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்கள் இந்தத் தொகையைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அதே அறிவிக்கையில் 40,000 கிலோவுக்கு மேல் எடை கொண்ட சரக்கு லாரிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் 44,242 ரூபாய். ராத்திரி பகலாக ரோட்டில் இருக்கிற வண்டி, மோதினால் சேதமும் பெரிது. முதலில் சொன்ன பெருக்கல் கணக்கின் ரெண்டு எண்ணுமே அங்கே பெரியவை.

புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத் தேர்டு பார்ட்டியை ஒரே மூச்சில் வாங்கிவிடுகிறார்களே, அதற்கும் நம்மூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை கேட்டு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவுப்படிதான், அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூவீலருக்கு ஐந்து வருடம் தேர்டு பார்ட்டி கட்டாயமானது. முதல் வருடம் கட்டிவிட்டு அப்புறம் புதுப்பிக்காமலே ஓட்டுகிறவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். அந்த வண்டிகள் மோதிச் செத்தவர்களின் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? ஷோரூமில் அந்தத் தொகையைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

இனி ஓன் டேமேஜ். சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் வித்தியாசம் வந்தது இங்கேதான். இந்தப் பாகத்தில் நாம் செய்வதற்கும் நிறைய இருக்கிறது.

முதல் எண் ஐடிவி. வண்டி திருட்டுப் போனாலோ, சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்க ஒப்புக்கொள்ளும் தொகை அது. ஷோரூம் விலையில் இருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, ரெண்டு வருடம் வரை 20, அதன் பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாவது வருடத்தில் 50. ரோட் டாக்ஸும் பதிவுச் செலவும் இந்த விலையில் சேராது. எங்கள் ரெண்டு கார்களுக்கும் ஐடிவி 5 லட்சம் என்று போட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. ‘போன வருடத்தை விட மூவாயிரம் கம்மியா முடிச்சுத் தர்றேங்க’ என்று யாராவது வந்தால், முதலில் ஐடிவி எவ்வளவு என்று பாருங்கள். பல நேரம் 5 லட்சத்தை 4 லட்சமாக இறக்கியிருப்பார்கள். பிரீமியம் இறங்கும், உண்மைதான். வண்டி காணாமல் போனால் கையில் வருவதும் அந்த 4 லட்சம்தான். ரெண்டு கம்பெனியின் விலையை ஒப்பிடும்போது ஐடிவியை ஒன்றாக வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

ரெண்டாவது, விகிதம். ஐடிவியில் இத்தனை சதவீதம் என்று ஒரு பழைய கட்டண அட்டவணை இருக்கிறது. எஞ்சின் அளவு, வண்டியின் வயது, பதிவான ஊர் மூன்றையும் பார்ப்பார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், புனே, அகமதாபாத் எட்டும் ஏ மண்டலம். நாட்டின் மீதிப் பகுதி முழுவதும் பி. அதனால் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், கரூர், நாமக்கல் எல்லாமே பி மண்டலம்தான். அவிநாசி ரோட்டு நெரிசலில் தினம் ஓட்டுகிறவருக்கும் அந்தியூர்க்காரருக்கும் இந்த அட்டவணையில் ஒரே விகிதம். எங்கள் கார்களுக்கு அது 3.191 சதவீதம். 5 லட்சத்துக்கு 15,955 ரூபாய். இதே கார் சென்னைப் பதிவாக இருந்தால் 3.283 சதவீதம், 460 ரூபாய் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம்.

2007 தொடக்கத்தில் இருந்து அந்த அட்டவணை கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஓன் டேமேஜுக்கு அவரவர் விலையை அவரவரே போட்டுக்கொள்ளலாம். அதனால் அட்டவணைத் தொகையில் இருந்து ஒரு தள்ளுபடி கொடுப்பார்கள். எந்த மாடலுக்குக் கிளைம் குறைவு, எந்த மாடலுக்கு உதிரிபாகம் விலை அதிகம், எந்த ஊர் வண்டிகள் அதிகம் இடிபடுகின்றன என்று தங்கள் சொந்தக் கணக்கை வைத்துத்தான் அந்தச் சதவீதம் வருகிறது. அதுதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் ரெண்டு பாலிசியிலும் 60 சதவீதம். 15,955 போய் 6,382 ஆனது. இதுவரைக்கும் மாமாவும் மாப்பிள்ளையும் சமம்.

அடுத்த வரி, நோ கிளைம் போனஸ். மச்சானுக்கு 50 சதவீதம். சித்தப்பாவுக்குப் பூஜ்யம்.

கிளைம் எதுவும் வாங்காமல் ஒரு வருடம் ஓட்டினால் ஓன் டேமேஜில் 20 சதவீதம் தள்ளுபடி, ரெண்டு வருடத்துக்கு 25, மூன்றுக்கு 35, நாலுக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. நடுவில் ஒரு கிளைம் போட்டால் மறுபடி பூஜ்யத்தில் இருந்து. மச்சானின் காருக்கு வயசே நாலுதான், 50 எப்படி வந்தது? அவர் பழைய காரை விற்றபோது அதில் சேர்ந்திருந்த போனஸைப் புதுக் காருக்கு மாற்றிக்கொண்டார். இந்த போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு வரும். உங்களை நல்ல டிரைவர் என்று கம்பெனி மதிக்கிற ஒரே இடம் நம் நாட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

ஆக மச்சானுக்கு ஓன் டேமேஜ் 3,191, தேர்டு பார்ட்டி 3,416, கூட்டினால் 6,607. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 7,796. சித்தப்பாவுக்கு 6,382-ம் 3,416-ம் 9,798, வரியோடு 11,562. (உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பை ரெண்டு பேரும் தனியாக எடுத்திருந்ததால் அது இந்தக் கணக்கில் இல்லை.)

சித்தப்பா எப்படிப் பூஜ்யமானார் என்பதுதான் எனக்கு வருத்தம். போன வருடம் காங்கயத்தில் அவர் தோட்டத்து கேட்டில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கல்தூணில் பின் பம்பர் உரசிவிட்டது. பம்பர் மாற்ற 4,500, பெயின்டும் கூலியும் 3,000, மொத்தம் 7,500 ரூபாய் பில். ‘இன்சூரன்ஸ்தான் இருக்குதே’ என்று கிளைம் போட்டார். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், அதில் 2,250 போச்சு. எந்தக் கிளைமிலும் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் (1,500 சிசிக்கு மேல் என்றால் 2,000) கழிந்தது. கைக்கு வந்தது 4,250-க்குள்.

அந்தக் கிளைம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வருடம் அவருக்கு 45 சதவீத போனஸ். அது போனதோடு முடியவில்லை. அடுத்த வருடம் 50 வர வேண்டிய இடத்தில் 20 வரும். அதற்கடுத்து 25, அப்புறம் 35, அப்புறம் 45. ஒவ்வொரு வருட இழப்பையும் கூட்டினால் 45-ம் 30-ம் 25-ம் 15-ம் 5-ம் 120 சதவீதம். 6,382-க்கு 120 சதவீதம் என்றால் 7,658, வரியோடு 9,000 ரூபாயைத் தொடும். ஐடிவி வருடா வருடம் இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 4,250 வாங்கியதற்கு அதை விடக் கூடுதலாகவே கொடுக்கிறார். கிளைம் போடலாமா என்று அவர் ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால், கைக்காசில் பம்பரை மாற்றச் சொல்லியிருப்பேன்.

இதனால் கிளைமே போடக் கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி இடித்து முன்பக்கம் போய் 80,000 ரூபாய் பில் என்றால் யோசிக்காமல் போடுங்கள், அதற்காகத்தானே கட்டுகிறோம். சின்ன உரசலுக்கு மட்டும் ஒரு துண்டுத் தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பம்பர் டு பம்பர் என்கிற கூடுதல் காப்பு எடுத்தவர்களுக்கு, மாற்றும் பாகத்துக்கு இப்படித் தேய்மானம் கழியாது, ஆனால் கூடுதல் பிரீமியம் உண்டு, கிளைம் போட்டால் போனஸும் பொதுவாகப் போகத்தான் செய்யும்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பா, “ஏங்கண்ணு, சின்னவனுக்கு இப்பத்தான் லைசென்ஸ் வந்துருக்குது. அவன் ஓட்டுனா பிரீமியம் ஏறிக்குமா?” என்றார். நல்ல கேள்வி.

நம் நாட்டில் பாலிசி வண்டிக்குத்தான். உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் காப்பு உண்டு. தேர்டு பார்ட்டியில் வயதே கிடையாது. ஓன் டேமேஜில் சில கம்பெனிகள் தள்ளுபடி போடும்போது உரிமையாளரின் வயதையோ தொழிலையோ பார்க்கலாம், ஆனால் வீட்டில் இருக்கிற பையன் பெயரை யாரும் கேட்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி இடித்தால்தான் கதை மாறும். அப்போது சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கை விரித்துவிடும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் பிள்ளைகள் கார் இன்சூரன்ஸ் தொகையைச் சொன்னால் இங்கே தலை சுற்றுவது இதனால்தான். அங்கே ஓட்டுநரைப் பார்த்துத்தான் விலை. அமெரிக்காவில் பொதுவாக வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோரையும், இங்கிலாந்தில் அந்தக் காரை ஓட்டப் போகிறவர்களை, பட்டியலில் காட்டச் சொல்வார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று சேர்ந்தால் பிரீமியம் எகிறும். அந்த வயதில் விபத்து அதிகம் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. வேகமாகப் போய் அபராதம் வாங்கியிருந்தால் அதற்கும் ஏறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்றுகூடப் பார்க்கிறார்கள், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதற்கு அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண், பெண் என்று பார்த்து வேறு வேறு விலை போடுவது 2012 டிசம்பர் 21 முதல் தடையாகிவிட்டது. எதைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பதைக் கணக்கு மட்டுமே முடிவு செய்வதில்லை. எது நியாயம் என்று அந்தந்த நாடு நினைக்கிறதோ அதுவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

நம் நாட்டிலும் அந்தக் காற்று கொஞ்சம் வீச ஆரம்பித்திருக்கிறது. 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம், எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதை வைத்து ஓன் டேமேஜுக்கு விலை போட அனுமதித்தது. அமாவாசைக்கு ஒரு நடை பழனி, எப்போதாவது ஒரு கல்யாணம் என்று மட்டும் காரை எடுக்கும் பெரியவர்கள் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் கிலோமீட்டர் கணக்குப் பாலிசியை ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மறைக்கக் கூடாத சில விஷயங்களும் உண்டு. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தால், டி போர்டு என்கிற வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் ஏன் அதிகம் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வாடகை ஓட்டத்தில் இடித்துவிட்டு ஓன் போர்டு பாலிசியில் கிளைம் கேட்டால் கிடைக்காது. கேஸ் கிட் மாட்டினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். கம்பெனி மாறும்போது போன வருடம் கிளைம் போட்டதைச் சொல்லாமல் போனஸ் வாங்கினால், கிளைம் நேரத்தில் பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அப்போது மொத்தமும் சிக்கலாகும்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த போனஸ் முழுக்கப் போய்விடும். ஐந்து வருடம் பொறுமையாக ஓட்டிச் சேர்த்தது ஒரு மறதியில் போவதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவின் தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வைத்தாயிற்று.

அவருடைய மூத்த மகன் திருப்பூரில் இருக்கிறான். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கப் போகிறான். மூன்று வருடம் கிளைம் இல்லாததால் 35 சதவீதம் சேர்த்து வைத்திருக்கிறான். கைமாற்றிய காகிதத்தைக் காட்டி, பழைய கம்பெனியிடம் போனஸுக்கான கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் புது வண்டிக்கு இன்சூரன்ஸ் போடச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கடிதம் மூன்று வருடம் செல்லும். சித்தப்பா நாலு வருடத்துக்கு முன்னால் தன் பழைய காரைக் கொடுத்தபோது அப்படி ஒரு கடிதம் உண்டு என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.